அன்பு டார்கும் ஒன்பதாம் பங்கும்

அத்தியாயம் 6

ஆர்டோக் ரயில் நிலையத்தில் அன்று காலை இரண்டே பேர்தான் இறங்கினார்கள். இருவரையும் ஊருக்குப் பிடிக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அவர்கள் நீட்டிய டிக்கெட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அபர்டீனிலிருந்து வருகிறவர்கள் கள்ள டிக்கெட் அடிக்கக்கூடியவர்கள்தான் என்று அவர் முகம் சொன்னது.

முன்னால் நடந்தவர் முர்டோ லெஸ்லி. ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, மழையில் நனைந்து நனைந்து நிறம் போன ஒரு சாம்பல் கோட்டு. துப்பறிவது தொழில். பின்னால் வந்தவள் டீனி டூகிட், அவருடைய உதவியாள். அபர்டீன் துறைமுகத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள். பத்து வருஷம் கூடையில் மீன் விற்ற குரல், இன்னும் சிறிதாகிவிடவில்லை.

"தலைவரே, இந்த ஊர்ல மாடுகூட நம்மள முறைக்குது."

"முறைக்கல டீனி. அசை போடுது."

"என்னையப் பார்த்துக்கிட்டே எதுக்குப் போடணும்?"

பிப்ரவரி மாதக் காற்று ஈரப் பனியை வாரி முகத்தில் அப்பியது. சாலையின் இரண்டு பக்கமும் கல் மதில்கள். மதில்களுக்கு அப்பால் புதிதாக உழுத மண், கறுத்து மினுங்கிக்கொண்டு, யாரோ நிலத்தை ஒரு கம்பளி போலப் பின்னி விரித்த மாதிரி அடிவானம் வரை கிடந்தது. அதன் மேல் ஆள்காட்டிக் குருவிகள் கத்திச் சுற்றின.

வழக்கு சின்னதுதான். ஆனால் அவகாசம் அதைவிடச் சின்னது. ஜனவரி முப்பதாம் தேதி ஆர்டோக் கோயிலிலிருந்து முந்நூறு வருஷத்துப் பழைய திருவிருந்துக் கிண்ணங்கள் இரண்டு காணாமல் போயின. பூட்டு உடையவில்லை. பத்தொன்பது நாள் கழித்து, கிண்ணங்களைச் சுற்றி வைத்திருந்த வெள்ளைத் துணி வாட்டி மெர்ன்ஸ் என்கிற, ஏர்க்குதிரை ஓட்டும் பண்ணையாளின் பெட்டிக்குள் அகப்பட்டது. கிண்ணங்கள் அகப்படவில்லை. வாட்டி அபர்டீன் சிறையில் இருந்தான். நாளைக் காலை பத்து மணிக்கு நீதிபதி ஷெரிஃப் முன்னால் விசாரணை. துணியே போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். வாட்டியின் மனைவி எல்ஸ்பெட் மட்டும் சொல்லவில்லை. அவள்தான் லெஸ்லிக்குக் கடிதம் போட்டிருந்தாள்.

லெஸ்லி நடந்துகொண்டே அந்தக் கடிதத்தை மறுபடி பிரித்தார். ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"'அன்பு டார்குக்கு ரெண்டு நாள் முன்னாடி அவரைப் பிடிச்சுட்டுப் போனாங்க.' டார்குன்னா என்னன்னு தெரியுமா டீனி?"

"எங்க குப்பத்துல அப்படி ஒரு மீனு கிடையாது."

"மீன் இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அது 'டேவெர்க்'. நாள், வேலை, ரெண்டும் ஒட்டின சொல்லு. ஒரு நாள் வேலை. நம்ம ஜனங்க அதை வாயில போட்டு மென்னு மென்னு 'டாவெர்க்' ஆக்கினாங்க. அப்புறம் 'டார்கு'. கடல்ல கிடக்கற கண்ணாடித் துண்டு மாதிரி முனையெல்லாம் தேஞ்சு போச்சு."

"ஒரு நாள் வேலையைச் சொல்லக்கூட சோம்பேறித்தனம். நம்ம ஜனங்கதான், சந்தேகமே இல்ல."

லெஸ்லி சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டுத் துண்டுச் சீட்டுகளை எடுத்து மேலே இருந்ததில் அந்தச் சொல்லை எழுதினார். எடின்பரோவில் யாரோ பழைய சொற்களுக்கு ஒரு பெரிய அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராகச் சொல் பொறுக்கி அவர்களுக்கு அனுப்பும் பைத்தியங்களில் லெஸ்லியும் ஒருவர். அந்தப் பைத்தியத்தால் தொழிலுக்கு லாபம் இருந்தது. திருட்டைப் பற்றிக் கேட்டால் கதவைச் சாத்துகிற ஜனங்கள், ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சண்டை போடுவார்கள்.

எல்ஸ்பெட் கதவை நாலு விரல் அகலத்துக்குத்தான் திறந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. கடிதம் போட்டவளே அவள்தான் என்றாலும், வந்திருப்பவர்கள் அவர்கள்தான் என்று அவளுக்கு யார் சொல்வது?

"நீங்கதான் லெஸ்லின்னு எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம்மா. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க போதும். டார்குன்னா என்ன?"

அவள் முகத்தில் எரிச்சல் வந்தது. கதவு இன்னும் நாலு விரல் திறந்தது.

"இது என்ன கேள்வி? எங்கப்பா ஃபைஃப் பக்கம் சுரங்கத்துல இருந்தாரு. அங்க டார்குன்னா ஒருத்தன் ஒரு நாளைக்கு வெட்டற கரி. அதுக்கு மேல ஒரு கூடை வெட்டினாலும் கூட இருக்கறவனே அடிப்பான். இங்க அப்படியில்ல. இங்க சூரியன் எழுந்ததுலேருந்து விழற வரைக்கும். எனக்கு அந்தக் கணக்கும் கிடையாது, இவன் ராத்திரியும் தூங்க மாட்டேங்கறான்."

"அப்ப உங்களோடது ரெண்டு டார்கு" என்றாள் டீனி. குழந்தைக்கு மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். கதவு முழுக்கத் திறந்தது.

உள்ளே கணப்பில், சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்த பீட் கட்டிகள் மெல்லப் புகைந்தன. சுவரோரம் வாட்டியின் மரப்பெட்டி. பண்ணை ஆளுக்கு உலகத்தில் சொந்தமான எல்லாமும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கும்.

"இது பூட்டியிருந்ததா?" என்றார் லெஸ்லி.

"இது ஏன் பூட்டணும்? குதிரை லாயத்து மேல் மாடியில இருந்தது. யாரோ பேர் போடாம கான்ஸ்டபிளுக்குக் கடுதாசி எழுதியிருக்காங்க. அவரு வந்து திறந்தாரு. துணி மேலாப்பல இருந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "திருடன் துணியை மேலாப்பல வைப்பானா ஐயா?"

"கோயில் சாவி யார் யார் கிட்ட?"

"போதகர் கிட்ட. மூப்பர் புரொக்டர் ஐயா கிட்ட. அன்னிக்குக் கோயிலுக்குக் கரி வண்டி ஓட்டிட்டுப் போனவரு வாட்டி. அதனால அவருக்கும் ஒரு நாள் சாவி கிடைச்சுதுன்னு சொல்றாங்க."

"புரொக்டர்தானே வாட்டியோட எஜமான்?"

"ஆமா. நல்ல மனுஷன். வீட்டைக் காலி பண்ணுன்னு இன்னும் சொல்லல. விசாரணை முடிஞ்சு வாட்டி குற்றவாளின்னு ஆயிட்டா அவராலயும் ஒண்ணும் பண்ண முடியாதாம். இது பண்ணை வீடு. பண்ணையாளுக்குத்தான்." குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "நாளைக்கு சாயங்காலம் எனக்குத் தெரிஞ்சுரும்."

வெளியே வந்ததும் டீனி குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவு.

"எனக்குப் புரொக்டர் மேல சந்தேகம். நல்ல மனுஷன்னு யாரைச் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துரும்."

"எனக்கு அந்தப் பத்தொன்பது நாள் மேலதான் சந்தேகம். திருட்டு நடந்தப்ப யாரும் வாட்டியை நினைக்கல. அப்புறம் திடீர்னு ஒரு புதன்கிழமை கடுதாசி. அந்தப் புதன்கிழமைக்கு என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை அன்பு டார்கு."

லெஸ்லி திரும்பிப் பார்த்தார். "நான் சொல்ல வந்ததை நீ சொல்லாதே."

"அப்ப சீக்கிரம் சொல்லுங்க."

பிளாக்மாஸ் பண்ணை ஒரு மைல் தள்ளி இருந்தது. புதுக் குத்தகைக்காரி கர்ஸ்டி ஸ்கீன், நாற்பது வயது விதவை. அவளும் வாசற்படியிலேயே நின்று பேசினாள். லெஸ்லி சீட்டை எடுத்ததும் இவளும் வலையில் விழுந்தாள்.

"அன்பு டார்கா? புதுசா ஒருத்தர் பண்ணைக்கு வந்தா அக்கம்பக்கத்துப் பண்ணையெல்லாம் ஆளுக்கொரு ஏர் அனுப்பும். ஒரே நாள். நாம கூப்பிடக் கூடாது, அவங்களா வரணும். கூலி கேக்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது. சாப்பாடு போடலாம். அதுவும் வயிறு வெடிக்கப் போடணும்." சொல்லிக்கொண்டே ரொட்டியும் வெண்ணெயும் எடுத்து வைத்தாள். "பதினாறு ஏர் வந்துச்சு. முப்பத்திரண்டு குதிரை. எல்லாத்துக்கும் பிடரில ரிப்பன். நான் அழுதுட்டேன்."

"யார் யோசனை?"

"ஜோர்டி இம்லாக். பக்கத்துப் பண்ணையில தலைக் குதிரைக்காரர், ஏர் ஓட்டறவங்களுக்கெல்லாம் மூத்தவர். ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் அவரா எல்லார் முன்னாடியும் சொன்னாரு. எனக்கே அப்பதான் தெரியும். இந்தப் பண்ணை நாலு மாசமா ஆளில்லாம கிடந்துது. இந்த வருஷம் யாரும் வரமாட்டாங்கன்னுதான் ஊர் முழுக்க நினைச்சிருக்கு."

"யார் எந்த இடத்தை உழறதுன்னு?"

"சீட்டுத்தான். முந்தின நாளே வயலைப் பதினாறு பங்காக் கழி நட்டுப் பிரிச்சாச்சு. புரொக்டர் ஐயா தொப்பியில சீட்டுப் போட்டுப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. எல்லாரும் எடுத்த பிறகு மிச்சத்தை அவரு எடுத்துக்கிட்டாரு. பாவம், தண்ணி நிக்கற ஒன்பதாம் பங்கு. அதையும் அந்த வயசுல தானே உழுதாரு!"

டீனி மூன்றாவது ரொட்டியை நிறுத்தினாள். "தானேன்னா?"

"தன் கையால. நூத்தைம்பது ஏக்கர் வச்சிருக்கற மனுஷன்."

லெஸ்லி சீட்டில் எதையோ எழுதி அடித்தார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வாசலைத் தாண்டியதும் டீனி அவர் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"தலைவரே, தொப்பி பிடிக்கறவனுக்குக் கடைசிச் சீட்டு. மீன் ஏலத்துல இந்த வேலையை நான் ஆறு வயசுலயே பார்த்திருக்கேன். ஒன்பது முதல்லேருந்தே அவரு உள்ளங்கையில இருந்திருக்கும்."

"இருந்திருக்கலாம். ஆனா சீட்டைப் பொறுக்கி மோசமான பங்கை எவனாவது எடுப்பானா? அதைச் சொன்னா ஊர் அவரை இன்னும் நல்லவருன்னுதான் சொல்லும்."

இம்லாக் லாயத்தில் இருந்தார். பிராந்தியத்திலேயே நேராக உழுகிறவர் என்று பெயர். அகன்ற தோள், சிவந்த கழுத்து. குதிரையின் காலை மடியில் வைத்துக் குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாட்டி என் சிநேகிதன். அவனைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா இந்தக் காலை விட்டுருவேன். இவ உதைப்பா."

"அவனைப் பத்தி இல்ல. டார்குங்கற சொல்லைப் பத்தி. ஃபைஃப் பக்கம் அது கரி வெட்டறவன் சொல்லுன்னு கேள்விப்பட்டேன்."

இம்லாக் குளம்பை விட்டார். குதிரை உதைக்கவில்லை.

"ஃபைஃப்ல ஆயிரம் சொல்லுவான். டார்கு குதிரைக்காரனோடது. பழைய காலத்துல ஜமீன்தாருக்கு வருஷத்துக்கு இத்தனை டார்குன்னு சும்மா உழுது குடுக்கணும். அது கட்டாய டார்கு. இது அன்பு டார்கு. ரெண்டுலயும் மேழி பிடிக்கறது நாங்க. எஜமான் இல்ல."

"எஜமான் பிடிச்சா?"

"எதை?"

"மேழியை."

இம்லாக் சிரித்தார். சிரிப்பு நல்லதாக இல்லை. "தலைக் குதிரைக்காரனோட குதிரை ஜோடியை எஜமான் தொடமாட்டான் ஐயா. வாங்கினது அவன் காசு, தீனி அவன் வீட்டுது, ஆனா ஜோடி என்னுது. என் எஜமான் பதினொரு வருஷமா என் குதிரை மேல கை வச்சதில்ல. வச்சா அன்னிக்கே பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன். அடுத்த பண்ணையிலேருந்து எவனும் அவன்கிட்ட வேலைக்கு வரமாட்டான்."

"ஆனா போன வெள்ளிக்கிழமை புரொக்டர் வாட்டியோட ஜோடியை ஓட்டினாரே" என்றாள் டீனி.

"வாட்டி உள்ள இருந்தான். ரெண்டாவது ஆளுக்கு அந்த ஜோடி அடங்காது. வேற வழியில்ல. அதனால யாரும் ஒண்ணும் சொல்லல."

லெஸ்லி பென்சிலைப் பையில் போட்டார். லாயத்தின் கூரையில் பனி உருகிச் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"மிஸ்டர் இம்லாக், உழவைப் பார்த்து உழுதவன் யாருன்னு சொல்லுவீங்களா?"

"கையெழுத்தைப் பார்த்து நீங்க சொல்லுவீங்கள்ல?"

"அப்ப வாங்க. எனக்கு ஒன்பதாம் பங்கை வாசிச்சுக் காட்டுங்க."

வயலின் ஓரத்தில் நின்று இம்லாக் ஒவ்வொரு பங்காகக் கைகாட்டினார். இது கில்லியோட உழவு, அவசரக்காரன். இது அலெக்கோடது, அவன் இடது குதிரை கிழடு, பாருங்க எப்படிச் சாயுது. இது என்னோடது. அவருடைய பங்கில் உழவுசால்கள் தறியில் இழுத்த நூல் போல ஓடின. ஒன்பதாம் பங்குக்கு வந்ததும் இம்லாக் நடையை நிறுத்தினார். சங்கடப்பட்டார்.

"பெரியவர் மோசமா உழல. ஆனா நடுவுல ஒரு இடத்துல..." நடந்து போய்க் காலால் காட்டினார். "பச்சை தெரியுது."

மண் புரளாமல் ஒரு ஆள் நீளத்துக்குப் புல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. குதிரைக்காரனுக்கு அதைவிடப் பெரிய வெட்கம் கிடையாது.

"கல்லு இருந்திருக்கும்" என்றார் இம்லாக். "கொழு கல்லுல இடிச்சா எகிறிரும்."

"எப்ப எகிறும்?"

"இடிச்சதும்."

"இது எங்க எகிறியிருக்கு?"

இம்லாக் குந்தி உட்கார்ந்தார். உள்ளங்கையைச் சாலுக்குள் வைத்து அதன் அடியோடு மெல்ல நகர்த்தினார். கை மேலே ஏறிக்கொண்டே வந்தது. அடுத்த சாலிலும் வைத்துப் பார்த்தார். அதற்கடுத்ததிலும். எழுந்தபோது அவர் முகத்தில் சிவப்பு இல்லை.

"நாலு தப்படிக்கு முன்னாடியே ஏறுது. மூணு சால்லயும் அப்படித்தான். வேணும்னே மேழியை அமுக்கிக் கொழுவைத் தூக்கியிருக்காரு." துருத்திய புல்லைக் காலால் தள்ளினார். "கீழ என்ன இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்ச ஆளு."

"வாட்டியைப் பிடிச்சதனால புரொக்டர் உழுதாருன்னு ஊர் நினைக்குது" என்றார் லெஸ்லி. "அது தலைகீழ். புரொக்டர் உழணும்கறதுக்காக வாட்டியைப் பிடிச்சாங்க. ஆளில்லாத வயல்ல கிண்ணத்தைப் புதைச்சாச்சு. திடீர்னு ஞாயித்துக்கிழமை நீங்க எழுந்து அன்பு டார்குன்னீங்க. வராம இருந்தா ஊர் கேக்கும். வந்தா உழறவன் வாட்டி. வாட்டி நல்ல உழவன், ஆழமாத்தான் உழுவான். அவன் இருக்கற வரைக்கும் எஜமான் மேழியைத் தொட முடியாது. ரெண்டு நாள்ல அவன் மறையணும். சீட்டைத் தொப்பியில ஏமாத்தலாம், குதிரைக்காரனை ஏமாத்த முடியாது."

டீனி ஏற்கெனவே கோட்டுக் கையை மடித்துக்கொண்டிருந்தாள். "தோண்டிரலாமா?"

"தோண்டினா கிண்ணம் நம்ம கையில. வாட்டி மூணு வருஷம் உள்ள. 'வாட்டிதான் புதைச்சிருக்கான், நான் எதைக் கண்டேன்'னு அவரு சொல்லுவாரு."

"உழவு சாட்சி சொல்லுதே!" என்றார் இம்லாக்.

"ஷெரிஃப்புக்கு உழவு வாசிக்கத் தெரியாது. அவரு வாயால வரணும்." லெஸ்லி வானத்தைப் பார்த்தார். மேகம் கிழிந்து, கழுவிப்போட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வயல் மேல் விழுந்தது. "உங்க ஜோடியை எத்தனை மணிக்குப் பூட்ட முடியும்?"

மூன்று மணிக்கு இம்லாக்கின் ஏர் ஒன்பதாம் பங்கின் தலைமாட்டில் நின்றது. செய்தி அதற்கு முன்பே ஊர் முழுக்கப் போயிருந்தது. ஒன்பதாம் பங்கு குதிரைக்காரர்களுக்கே அவமானம், இம்லாக் அதைத் திரும்ப உழப் போகிறார், ஒரு சாண் அதிக ஆழத்தில். மதிலோரமாக ஏழெட்டுக் குதிரைக்காரர்கள் சாய்ந்து நின்றார்கள். கான்ஸ்டபிள் ரெயித் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவரை ஏன் வரச்சொன்னார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. எல்ஸ்பெட்டும் குழந்தையோடு வந்திருந்தாள்.

புரொக்டர் வண்டியை வேகமாக ஓட்டி வந்து இறங்கினார். வெள்ளைத் தாடி, கறுப்புக் கோட்டு, ஞாயிற்றுக்கிழமை முகம்.

"இது என்ன கூத்து? டார்கு ஒரு நாளோட முடிஞ்சது. பொழுது சாய்ஞ்சப்ப விட்டது விட்டதுதான். என் பாட்டன் காலத்துலேருந்து அன்பு டார்கை மறுநாள் எவனும் தொட்டதில்ல!"

மதிலோரத்தில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. அவர் சொன்னது சரி.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றார் லெஸ்லி. "அதனால இது அன்பு டார்கு இல்ல. திருமதி ஸ்கீன் தன் வயலை உழச் சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்."

கர்ஸ்டி ஸ்கீன் ஏப்ரன் துணியைப் பிசைந்துகொண்டு, பயத்தோடு தலையசைத்தாள்.

"நீ யாருய்யா?"

"சொல்லு பொறுக்கறவன்."

இம்லாக் நாக்கைச் சொடுக்கினார். குதிரைகள் கழுத்தைத் தாழ்த்தி இழுத்தன. கொழு மண்ணுக்குள் முழுக்க இறங்கியது. கறுத்த மண் அலை போலப் புரண்டு விழுந்தது. புரொக்டர் பக்கத்திலேயே நடந்தார்.

"இவ்வளவு ஆழம் வேண்டாம் ஜோர்டி. கீழ களிமண்ணு. நிலம் கெட்டுரும்."

இம்லாக் சாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஜோர்டி, நான் சொல்றேன்ல."

பச்சை தெரிந்த இடத்துக்கு எண்பது தப்படி. அறுபது. டீனி லெஸ்லியின் பக்கம் சாய்ந்தாள். "தலைவரே, இந்தாளு வாயைத் திறக்கலன்னா?"

"திறப்பாரு."

"காசுக்குத் திருடினவன் கல்லு மாதிரி நிப்பான். கிண்ணம் போனாலும் தான் தப்பிச்சாப் போதும்னு."

"காசுக்குத் திருடினவன் இருபத்தியாறு நாள்ல வித்திருப்பான் டீனி. வித்திருந்தா மேழியை அமுக்க வேண்டியதில்ல."

முப்பது தப்படி. புரொக்டர் நடப்பதை நிறுத்தியிருந்தார். கைகள் இரண்டும் தாமாகவே முன்னால் நீண்டன, மேழி அவற்றுக்குள் இருப்பது போல, கீழே அமுக்கின. காற்றைத்தான் அமுக்கின. மதிலோரக் குதிரைக்காரர்கள் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். ஒருவர் வாயிலிருந்து புகைக்குழாயை எடுத்தார்.

பத்து. இம்லாக் குனிந்து கொழுவை இன்னும் ஆழமாக விட்டார். ஆறு.

"நிறுத்துடா!" புரொக்டர் ஓடி வந்து குதிரைகளின் மூக்குக்கு முன்னால் விழுந்தார். "முந்நூறு வருஷம்டா! நசுங்கிரும்! நசுங்கிரும்!"

குதிரைகள் பின்வாங்கின. இம்லாக் இழுத்து நிறுத்தினார். ஆள்காட்டிகள் மட்டும் கத்தின.

லெஸ்லி மெதுவாக நடந்து போனார்.

"எது நசுங்கும், மிஸ்டர் புரொக்டர்?"

கிழவரின் கைகள் பச்சை தெரிந்த இடத்தைத் தோண்டிக்கொண்டிருந்தன, நாய் தோண்டுவது போல. எண்ணெய்த் துணி மூட்டை ஒன்று வெளியே வந்தது. பிரித்தார். இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள், கொஞ்சமும் நசுங்காமல், பிப்ரவரி வெயிலில் மங்கலாகப் பளபளத்தன. அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ராணுவம் வந்தப்ப எங்க முன்னோர் பீட் குழிக்குள்ள மறைச்சுக் காப்பாத்தின கிண்ணம் இது. உயிரைக் குடுத்தாங்க. இப்ப எங்க சபையும், எங்களை விட்டுப் பிரிஞ்சு போன அந்தச் சபையும் ஒண்ணாம். மார்ச் மாசம் ஒரே திருவிருந்தாம். தொண்ணூறு வருஷமா எங்களைத் திட்டின வாய், இந்தக் கிண்ணத்துல படணுமா? நான் வாழற வரைக்கும் நடக்காது."

கான்ஸ்டபிள் ரெயித் தொண்டையைச் செருமினார். "நான் அந்தச் சபைதான் ஐயா."

"தெரியும்" என்றார் புரொக்டர் கசப்போடு.

டீனி இம்லாக்கிடம் போனாள். "உண்மையைச் சொல்லுங்க. கிண்ணத்து மேல ஏர் ஓட்டியிருப்பீங்களா?"

"கடைசித் தப்படில மேழியை அமுக்கியிருப்பேன்."

"உங்க முகத்துல அப்படித் தெரியலயே."

"குதிரைங்களுக்கும் தெரியாது" என்றார் இம்லாக். குதிரையின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

எல்ஸ்பெட் உழவைத் தாண்டித் தாண்டி வந்தாள். புரொக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். தாடியில் மண் ஒட்டியிருந்தது.

"வாட்டிக்கு ரொம்ப நாள் போட மாட்டாங்கன்னு நினைச்சேம்மா. உன்னையும் பிள்ளையையும் எங்கயாவது தங்க வச்சிருப்பேன். வெளிய வந்ததும் அதே வேலை, அதே வீடு. ஆண்டவர் சாட்சியா..."

"என்னை வெளிய அனுப்பறதை வாட்டி மன்னிச்சிருப்பாரு" என்றாள் எல்ஸ்பெட். "ஜெயில்ல போட்டதைக்கூட என்னிக்காவது மன்னிச்சாலும் மன்னிப்பாரு. ஆனா அவரு ஜோடியை நீங்க ஓட்டினீங்க. அதை அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிக்குங்க."

மதிலோரத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் புரொக்டருக்கு முதுகைத் திருப்பினார்கள். வசந்த உழவுக்கு அவருடைய மெயின்ஸ் பண்ணைக்கு இனி ஆள் கிடைக்காது என்பது அந்த முதுகுகளிலேயே தெரிந்தது.

எல்ஸ்பெட் கான்ஸ்டபிளிடம் திரும்பினாள்.

"அபர்டீனுக்கு அடுத்த வண்டி எப்ப?"

"நாலு இருபதும்மா."

"இவரு சொன்னதையெல்லாம் எழுதி, இவர்கிட்ட கையெழுத்து வாங்கணும்ல?"

"ஆமா. ஆனா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய், முறைப்படி..."

எல்ஸ்பெட் குழந்தையை டீனியின் கையில் கொடுத்தாள். கான்ஸ்டபிளின் சைக்கிளை வாங்கி மதிலில் சாய்த்தாள். அவரை ஒரு கல்லின் மேல் உட்காரவைத்தாள்.

"இங்கயே எழுதுங்க" என்றாள்.

ரெயித் பென்சிலின் நுனியை நாக்கில் தொட்டார். எழுதத் தொடங்கினார். அவர் தலை நிமிர்ந்தபோதெல்லாம் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.